ஒரு விரல் உசிரு

அத்தியாயம் 11

அழைப்புக் கடிதம் வந்து இன்றோடு ஆறு நாள். அதில் இருந்த பெயர் அவளுடையது இல்லை.

போன வாரம் பட்டறை நடுவில் நின்று அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தவள் அவள்தான். வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசி வரியில் இரண்டு முறை இருமிவிட்டுச் சொன்னாள்: "மூணு மாசம் வாத்தியம்மா ஊருக்கு வந்து அவங்க கூட வேலை செய்ய நம்ம பட்டறையிலேர்ந்து ஒரு ஆள் வேணுமாம். அண்ணிய அனுப்பச் சொல்றாங்க."

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். அண்ணன் தட்டுவதா வேண்டாமா என்று யோசித்தான். அண்ணி தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் ஓட்டிய தையல் முழுக்கக் கோணல்.

வாசித்தவளின் கைப்பையில் எட்டு பாஸ்போர்ட் ஃபோட்டோ இருந்தது. அழைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும், கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே எடுத்து வைத்தது. எட்டும் அவளுடையது.

அந்த வீட்டில் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவள் அவள். மிதித்ததோடு நிற்காமல், வகுப்பில் வேறு யாரும் சீந்தாத ஒரு வெளிநாட்டு மொழியை எடுத்துப் படித்தாள். "இத வச்சு என்ன பண்ணப் போறா?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பதிலாகத்தான் ஆறு வருடத்துக்கு முன் வாத்தியம்மாவின் முதல் மெயில் அதே மொழியில் வந்து இறங்கியது.

கடல் தாண்டி எங்கோ ஒரு ஊரில் பெரிய பெரிய தந்தி வாத்தியங்கள் செய்கிறவர் வாத்தியம்மா. வாத்தியம் செய்கிற அம்மா என்பதால் வீட்டில் அப்படியே பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த வாத்தியங்களுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த உறைகள் இந்தப் பட்டறையிலிருந்துதான் போகின்றன. அதில் ஆளுயரத்துக்கு ஒன்று உண்டு. அதற்கு அப்பா வைத்த பெயர் மாப்பிள்ளை. சாய்த்து வைத்தால் சாய்ந்துகொள்ளும், தானாக எழுந்திருக்காது, கீழே விழுந்தால் செலவு நம்முடையது.

அப்பா சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். "அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலையா? ஜிப்பு இடப்பக்கம்னு நூறு தடவ சொல்லியாச்சு" என்று அப்பா கத்தினால், 'ஜிப்பின் திசை குறித்துத் தங்களின் மேலான கவனத்தைக் கோருகிறோம்' என்று எழுதுவாள். அங்கிருந்து வருவதையும் அவள்தான் சொல்லுவாள். அவள் வாயைத் திறந்தால்தான் பட்டறைக்கு உலகம் கேட்கும். அப்பா அவளை 'ஆபீசர்' என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

ஐந்து வாரத்துக்கு முன் அண்ணன் தன் பெண்டாட்டிக்கு ஒரு ஃபோன் வாங்கிக் கொடுத்தான்.

அதில் ஒரு ஆப். தமிழில் பேசினால் அந்த மொழியில் எழுதி அனுப்பும். அங்கிருந்து வருவதைத் தமிழில் சொல்லும். ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதம் என்று சொல்கிற பெண்ணின் குரல்தான் அதற்கு. வீட்டில் அதற்கு அறிவிப்புக்காரி என்று பெயர். அண்ணி ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். தமிழையே விரல் வைத்துத்தான் படிப்பாள். அவள் அந்த ஃபோனை எடுத்து வாத்தியம்மாவிடம் முதலில் கேட்ட கேள்வி: "ராத்திரி தூக்கம் வருதாம்மா?"

வாத்தியம்மாவின் கணவர் இறந்து அப்போது மூன்று வாரம்.

ஆபீசர் ஏற்கனவே ஒரு இரங்கல் கடிதம் எழுதியிருந்தாள். ஒன்றரை நாள் உட்கார்ந்து எழுதியது. 'ஈடுசெய்ய முடியாத', 'ஆழ்ந்த', எல்லாம் ஒரு இலக்கணப் பிழை இல்லாமல். அதற்கு வந்த பதில் ஒரே சொல். நன்றி.

அண்ணி கேட்ட தூக்கக் கேள்விக்கு வந்த பதிலை அறிவிப்புக்காரி நாற்பது நிமிடம் வாசித்தாள். கேட்டுக்கொண்டே அண்ணி அழுதாள். அங்கே வாத்தியம்மாவும் அழுததாக அடுத்த நாள் தெரிந்தது.

"இத்தன வருஷமா உங்க பட்டறைய ஒரு வக்கீல் நடத்துறார்னு நெனச்சிட்டிருந்தாங்களாம், மாமா" என்று அண்ணி அப்பாவிடம் சொன்னபோது வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். பல் மட்டும் சிரித்தது.

இதெல்லாம் நடந்து முடிந்த கதை. இன்றைக்கு நடந்தது வேறு.

*

காலை ஒன்பதரை. வெட்டும் மேஜை மேல் மாப்பிள்ளையின் புது அளவுக்கான காகித அச்சு விரித்துக் கிடந்தது. வாத்தியம்மா இந்த முறை செய்திருக்கும் வாத்தியத்துக்கு இடுப்பு வேறு மாதிரி. வாத்தியத்தை இங்கே அனுப்ப முடியாது. அதனால் ஒரே அச்சை வைத்து அவர் அங்கே உள்துணியை வெட்டி வாத்தியத்தின் மேல் போட்டுப் பார்ப்பது, சரியாக உட்கார்ந்தால் இவர்கள் இங்கே வெளித்துணியை வெட்டுவது என்று ஏற்பாடு. இரண்டு பக்கமும் ஃபோனை வைத்துக்கொண்டு ஒரே உறையைத் தைக்கிறார்கள். முதல் தடவை வெட்டியது அவருக்கு இறுக்கமாகிவிட்டது. இன்றைக்கு இரண்டாவது தடவை.

அண்ணி மேஜையின் ஒரு மூலையில் ஒரு தாளை நகர்த்தி வைத்தாள்.

"பாப்பா, இந்த ஃபார்ம் இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள போகணுமாம். கொஞ்சம் நிரப்பித் தந்துடேன். எனக்கு அந்தக் கட்டத்துக்குள்ள எழுத்தே நிக்காது."

பாப்பா. இருபத்தேழு வயதில் பாப்பா. அவள் தாளைப் பார்த்தாள். வருபவரின் பெயர் என்று மேலே ஒரு கட்டம். காலியாக இருந்தது.

"வைங்க. சாயங்காலம் பாக்கறேன்."

"மறந்துடாத."

"நான் எத மறந்திருக்கேன்?"

சணல் உருண்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த அண்ணன், "மூணு மாசம் எனக்கு யாரு சமைக்கறதுன்னு அந்த ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கா பாரு" என்றான்.

"உங்களுக்கும் ஒரு ஆப் வாங்கித் தர்றேன்" என்றாள் அண்ணி. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

அண்ணியின் ஃபோன் முனகியது. அறிவிப்புக்காரி பேசினாள். "வணக்கம். நான் துணியை மேஜையில் விரித்துவிட்டேன். என் கை நடுங்குகிறது. கணவர் இருந்தவரை வெட்டுவது அவர் வேலை. வெட்டுவதற்கு முன் நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?"

"சொல்லணுமே" என்று அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். திரையில் காது வடிவத்தில் ஒரு குறி உண்டு. தொட்டால் சிவப்பாகும், சிவப்பாக இருக்கும்வரை எந்த மொழியானாலும் ஆப் கேட்டு எழுதிக்கொண்டிருக்கும். தொட்டாள்.

"அவசரப்படாதீங்கம்மா. ஓரத்துல ஒரு விரல் உசிர விட்டுடுங்க. அப்புறம் எல்லாம் சரியாயிடும்." சொல்லி முடித்துக் குறியை மறுபடி தொட்டு அணைத்தாள்.

தையலுக்கு வெளியே மிச்சம் விடுகிற துணிக்கு இந்தப் பட்டறையில் உசிரு என்று பெயர். அப்பா வைத்தது. உசிரு இருந்தால் பிரித்துத் தைக்கலாம், பெரிதாக்கலாம், பண்ணின தப்பைச் சரி பண்ணலாம். உசிரு விடாமல் வெட்டினால் துணி அதோடு செத்தது. இங்கே புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தருவதே இதுதான். ஆறு வருடத்தில் அவள் அந்தச் சொல்லை ஒரு தடவைகூட மொழிபெயர்த்ததில்லை. 'விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் கூடுதல்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவாள்.

ஆப்புக்கு அப்பாவைத் தெரியாது.

"பாப்பா, சரியா எழுதியிருக்கான்னு ஒரு கண்ணு பாத்துடேன்" என்று அண்ணி ஃபோனை நீட்டினாள். "வழக்கமா பேசறது வேற. இது வேலை விஷயம் பாரு."

அவள் குனிந்து பார்த்தாள்.

அந்த மொழியில், தெளிவான எழுத்தில், அது இப்படி இருந்தது: 'அவசரம் வேண்டாம். விளிம்பில் உயிரை விட்டுவிடுங்கள், ஒரு விரல். அதன் பிறகு எல்லாம் சரியாகிவிடும்.'

சிரிப்புதான் முதலில் வந்தது. வயிற்றிலிருந்து ஏறி வந்த சிரிப்பை அவள் தொண்டையில் பிடித்து நிறுத்தினாள். அப்புறம் வந்தது சிரிப்பு இல்லை.

அனுப்பட்டும் என்று தோன்றியது.

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை இந்தக் கருவி தெருவில் குப்புற விழட்டும். அந்தம்மா குழம்பிப் போய் 'இது என்ன' என்று கேட்கட்டும். அறிவிப்புக்காரி முழிக்கட்டும். "ஆபீசர் எங்க, ஆபீசரைக் கூப்பிடு" என்று அப்பா சொல்லட்டும். அவள் வந்து இரண்டே வரியில் சரி செய்வாள். படித்தவள் ஏன் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. கட்டத்தில் எழுத வேண்டிய பெயர் மட்டும் மாறலாம்.

இவ்வளவையும் யோசிக்க அவளுக்கு ஆன நேரம், அண்ணி நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்ட நேரம்.

"அனுப்புங்க அண்ணி. சரியா இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணி அம்புக்குறியைத் தொட்டாள். போய்விட்டது. நீட்டிய கையின் விரல் பட்டுக் காதுக் குறி மறுபடி சிவந்திருந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

*

பதினோரு மணி. பதில் இல்லை. பன்னிரண்டு. இல்லை.

"பாத்துட்டாங்க" என்று அண்ணி திரையைக் காட்டினாள். படித்ததற்கான குறி விழுந்திருந்தது. "பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம இருக்க மாட்டாங்களே. ஒரு பூவாவது அனுப்புவாங்க."

"வெட்டிட்டிருப்பாங்க" என்றார் அப்பா. "வெட்டும்போது பேச்சு எதுக்கு?"

ஒரு மணிக்கு அண்ணி ஃபோன் போட்டாள். அடித்தது, எடுக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடி போட்டாள். தட்டில் கை வைத்தபடியே அவளைப் பார்த்தாள்.

"நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா பாப்பா?"

இங்கே சொல்லியிருக்கலாம். 'இருங்க, இன்னொரு தடவ காட்டுங்க' என்று வாங்கிப் பார்த்து, இப்போதுதான் கவனித்ததுபோல் நெற்றியில் தட்டிக்கொண்டிருக்கலாம். அவளுக்கு அந்த அளவு நடிப்பு வரும்.

"இல்லையே" என்றாள்.

"எனக்கென்னமோ பக்குனு இருக்கு."

"அஞ்சு வாரமா பேசிப் பேசி அவங்க உங்களுக்குச் சொந்தமாயிட்டாங்க. ஒரு நாள் பேசலேன்னா பக்குனுதான் இருக்கும்."

சொன்ன தொனியில் இருந்த புளிப்பு அவளுக்கே தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், கழுவுகிற இடத்திலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "சொந்தம்லாம் இல்ல. அவங்க பேசுவாங்க, நான் கேப்பேன். நீயும் கேட்டிருக்கலாம். ஆறு வருஷம் இருந்துச்சே."

அவளுக்கு நெஞ்சில் ஊசி ஏறியது. ஒன்பதாவது படித்தவளுக்கு இப்படி ஒரு வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்று ஆத்திரமாக இருந்தது. இதையும் அந்த ஆப்தான் சொல்லித்தருகிறதா?

*

மூன்று மணிக்கு அவளுக்கு வகுப்பு. ஜெராக்ஸ் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. இரண்டு வருடத்துக்கு முன் பதினோரு பேர் படித்தார்கள். இப்போது மூன்று பேர். அதில் ஒருவர் இன்றைக்கு வரவில்லை. மற்ற இருவரில் ஒருவர் ஹோட்டல் சமையல்காரர். இன்னொருவர் நர்ஸ்.

நர்ஸுக்கு நாற்பது வயது. டியூட்டி முடிந்து அப்படியே வருவார். தூக்கத்தை விரட்ட நின்றுகொண்டே பாடம் கேட்பார்.

"ஃபோன் இருக்கும்போது எதுக்கு மெனக்கெட்டுப் படிக்கிறேன்னு என் வீட்டுக்காரர் கேக்கறார், டீச்சர்."

"நீங்க என்ன சொன்னீங்க?" கரும்பலகையைத் துடைத்தபடி கேட்டாள். இந்தக் கேள்விக்கு யார் நல்ல பதில் சொன்னாலும் அவளுக்கு இனித்தது.

"போன மாசம் வார்டுல நடந்தத சொன்னேன். வெளிநாட்டுப் பெரியவர் ஒருத்தர். மூச்சுப் பயிற்சி குடுக்கணும். 'மூச்ச நல்லா இழுங்க, மெதுவா விட்டுடுங்க'ன்னு ஃபோன்ல சொன்னேன். அது அவருக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா? மூச்சை நிறுத்திவிடுங்கன்னு."

சமையல்காரர் சிரித்தார். "அவர் என்ன பண்ணாரு?"

"சிரிக்காதீங்க. அன்னைக்குத்தான் அவருக்கு ரிசல்ட் வந்திருந்துச்சு. நல்ல ரிசல்ட் இல்ல. அதக் கேட்டுட்டு அவர் என் மூஞ்சியப் பாத்தாரு பாருங்க. ஃபோனப் பாக்கல, என்னத்தான் பாத்தாரு. ஃபோனு சொல்லிட்டு அதுபாட்டுக்குச் சும்மா கெடக்கு. பக்கத்துல நிக்கறது நான்தானே."

அவள் கையில் துணி நின்றுவிட்டது.

வாத்தியம்மாவின் வீட்டு மாடியறையை அவள் ஃபோட்டோவில் பார்த்திருக்கிறாள். தாழ்ந்த ஜன்னல், நீண்ட மேஜை, ஆணியில் தொங்கும் இரண்டு மேலங்கி. இரண்டாவது மேலங்கியைக் கழற்றி வைக்கக் கை வரவில்லை என்று அவர் அண்ணியிடம் சொன்னதை அவள் பக்கத்து அறையிலிருந்து ஒட்டுக்கேட்டிருக்கிறாள். அந்த மேஜை முன்னால், அந்த ஜன்னல் பக்கத்தில், நடுங்குகிற கையோடு நின்று, அந்தம்மா இதைப் படித்திருக்கிறார். விளிம்பில் உயிரை விட்டுவிடுங்கள். எல்லாம் சரியாகிவிடும்.

காலையில் அவள் பார்த்தது மொழிபெயர்ப்புப் பிழை. அதைப் படிக்கப்போகிற ஆளைப் பார்க்கவில்லை.

"டீச்சர்?" என்றார் நர்ஸ். "அந்த 'விட்டுடுங்க'வுக்கு அவங்க மொழியில என்ன சொல்லணும்?"

"அது... எத விடறோம்ங்கறதப் பொறுத்து" என்றாள். "பயிற்சி ஏழு எழுதுங்க. இப்ப வந்துடறேன்."

மாடிப்படியில் நின்று தன் ஃபோனில் வாத்தியம்மாவுக்கு எழுத ஆரம்பித்தாள். 'இன்று காலை அனுப்பப்பட்ட செய்தியில் ஒரு சொல் தவறாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கலாம் என்று கருதுகிறேன்.' கருதுகிறேன் என்றால் எப்போது கருதினாய் என்று கேட்பார். அழித்தாள். 'தற்செயலாகக் கவனித்தேன்.' அழித்தாள். 'அண்ணி பயன்படுத்திய ஒரு பட்டறைச் சொல்...' இது பரவாயில்லை. ஆனால் 'அண்ணி'யில் ஆரம்பித்தால் குற்றம் சொல்வதுபோல் இருந்தது. கீழே ஜெராக்ஸ் மெஷின் வெளிச்சத்தை இழுத்து இழுத்து விட்டது. ஒன்பது தடவை எழுதினாள். ஒன்பதாவது, இலக்கணமாகவும் மரியாதையாகவும் யார் மேலும் படாமலும் இருந்தது. படித்துப் பார்த்தாள். அதை ஒரு வக்கீல் எழுதியிருந்தார்.

அதையும் அழித்தாள்.

*

அவள் பட்டறைக்குத் திரும்பியபோது மணி ஐந்தே முக்கால். மெஷின் எதுவும் ஓடவில்லை. வெளித்துணி வெட்டாமல் மேஜை மேல் சுருண்டு கிடந்தது. அப்பா அதன் பக்கத்தில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் வாசலில் நின்று நகம் கடித்தான். அண்ணி ஃபோனைக் கத்தரிக்கோல் டப்பா மேல் சாய்த்து வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் அளப்பவள்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு தடவ போட்டுட்டேன்" என்றாள். "எடுக்கல. அவங்களுக்கு உடம்புக்கு ஏதாவது... தனியா இருக்கறவங்க, மாமா."

"ஆபீசர் வந்துட்டா இல்ல" என்றார் அப்பா. "ஏம்மா, நீ உன் பாஷையில ஒரு மெயில் போட்டுப் பாரேன். உனக்குப் பதில் சொல்லுவாங்க."

காலையில் இந்த வாக்கியத்துக்காகத்தான் அவள் அத்தனையும் செய்தாள். இப்போது அதைக் கேட்டதும் தன் கண் அண்ணி பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டாள்.

"போடறேன்" என்று கைப்பையைத் திறந்தாள். ஃபார்ம் மேலாக இருந்தது. அதன் கீழே எட்டு ஃபோட்டோ. அதன் கீழே ஃபோன். எடுக்கும்போதே அது அடித்தது.

வாத்தியம்மா. வீடியோ கால். அவள் நம்பருக்கு.

ஐந்து வாரத்துக்குப் பிறகு. சொன்னால் வெட்கம், ஆனால் அந்த ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"எடு, எடு" என்று அண்ணன் ஓடி வந்தான். அவள் ஃபோனை வெட்டும் மேஜையில், அண்ணியின் ஃபோனுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். முகம் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றியிருந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. உயிரோடு இருந்தார். அவள் கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உடம்பு நல்லா இருக்கா?" என்று அண்ணி தமிழில் கத்தினாள். பழக்கத்தில் தன் ஃபோனின் காதுக் குறியையும் தொட்டாள். பிறகு, பேச்சு நடக்கும்போது அறிவிப்புக்காரி குறுக்கே பேசக் கூடாது என்று சத்தத்தை மட்டும் குறைத்தாள்.

வாத்தியம்மா அண்ணியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஆப் இல்லாமல், தன் மொழியில், வகுப்புக்குப் பாடம் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசினார்.

"இன்றைக்கு எனக்குக் கருவி வேண்டாம். உன்னோடு பேச வேண்டும். காலையில் ஒரு செய்தி வந்தது. படித்துவிட்டு ஒரு மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று உனக்குத் தெரியும்."

அவள் ஃபோனைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பினாள்.

"உன் அண்ணி அப்படிச் சொல்லமாட்டாள். அது எனக்குத் தெரியும். கருவியின் பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி படித்தேன். அப்போதுதான் கடைசி வரியைப் பார்த்தேன். 'அனுப்புங்கள், அண்ணி. சரியாக இருக்கிறது.' அதையும் கருவி எழுதி அனுப்பியிருக்கிறது."

காதுக் குறி. சிவப்பு. காலையில் அவள் சொன்னதையும் அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"உன் வீட்டில் என் மொழியைப் படிக்கத் தெரிந்தது ஒருத்திக்குத்தான்" என்றார் வாத்தியம்மா. "எது சரியாக இருந்தது? அதை நீ உன் வாயால் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு. பிறகு அவர்களுக்கு."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று அப்பா எட்டிப் பார்த்தார். "முகம் வாடியிருக்கே. துணி வீணாயிடுச்சாமா?"

"என்னன்னு சொல்லேன்" என்றான் அண்ணன்.

பட்டறை மொத்தமும் அவள் வாயைப் பார்த்தது. ஆறு வருடம் பார்த்தது மாதிரியே. வாத்தியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இவர்களுக்கு அந்த மொழி தெரியாது. நடுவில் அவள் மட்டும். 'துணி கொஞ்சம் இறுக்கமாயிடுச்சாம், நாளைக்குச் சொல்றாங்களாம்' என்று சொன்னால் முடிந்தது. அங்கே திரும்பி ஒரு மன்னிப்பு. அப்புறம் தனியாக ஒரு மெயில். தன் கையிலிருந்து பறிபோனது என்று அவள் ஐந்து வாரமாக எதற்காகப் பொறாமைப்பட்டாளோ, அது முழுசாகத் திரும்ப அவள் கையில் இருந்தது.

அவள் அண்ணியைப் பார்த்தாள்.

அண்ணி அவளைப் பார்க்கவில்லை. குனிந்து தன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம்தான் குறைந்திருந்தது. காதுக் குறி சிவப்பாக இருந்தது. வாத்தியம்மா பேசினதெல்லாம் அதில் தமிழில் வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தது. அண்ணியின் ஆள்காட்டி விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, மெதுவாக, மிக மெதுவாக, கீழே வந்தது. உதடு அசைந்தது. கடைசி வரியில் விரல் நின்றது.

அவசரமே இல்லாமல் அண்ணி அந்த ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏம்மா, நீயாவது சொல்லு, என்ன அதுல?" என்றார் அப்பா.

"எனக்கு எங்க படிக்கத் தெரியும், மாமா" என்றாள் அண்ணி. குரல் தட்டையாக இருந்தது. "பாப்பா சொல்லும். அதுக்குத்தானே படிக்க வச்சீங்க."

சொல்லிவிட்டுச் சுண்ணக்கட்டியை எடுத்தாள். சுருண்டு கிடந்த வெளித்துணியைக் கையால் நீவி விரித்தாள். அச்சை மேலே வைத்தாள்.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"அது வந்துப்பா..." என்று தொடங்கினாள். "காலையில அண்ணி அனுப்புன மெசேஜ்ல..."

அண்ணியின் கை அப்படியே நின்றது.

"அனுப்பச் சொன்னது யாரு?" என்றாள், தலை நிமிராமல்.